முதல் பாட்டுக்கு ஒரு மோசமான குரல்

மைக்கைப் பிடித்து "ஹலோ, செக், செக்" என்று சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாம் இன்று கரோக்கி நடத்துகிறீர்கள். நடத்துங்கள் கண்ணுகளா, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? உங்களிடம் லேப்டாப் இருக்கிறது, சுழலும் விளக்கு இருக்கிறது, கேட்டால் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கி ஆட்ட ஒரு கூட்டமே இருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு ஜப்பான் மெஷினும் இரண்டு மைக்கும். அதில் ஒன்று முதுகில் தட்டினால்தான் பேசும்.

போன மாதம் உங்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு, "சீனியர், நாலு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டினீர்கள். காலமெல்லாம் ஊரார் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டியவன் நான். என் முகத்துக்கு நேரே ஒன்று வந்ததும் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். வயரை எங்கே செருகுவது, ஸ்பீக்கரை எந்த மூலையில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது ஒன்றுதான்: நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஜனத்தை எப்படி எழுந்து வரவைப்பது. அதற்காக நான் செய்த ஒரு ஈனக் காரியத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவன் நான். கல்யாணம், மாதா திருவிழா, எலெக்‌ஷன், எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். ரெண்டாயிரம் பிறந்த புதிதில் பிரிகேட் ரோடு பக்கம் ரெஸ்டாரண்ட் வைத்திருந்த ஒருவர் வெளிநாடு போய் வந்தார். போனவர் நாலு டப்பா சாக்லேட்டோடு வந்திருக்கலாம். கரோக்கி மெஷினோடு வந்தார். வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பதரை வரை அதை நடத்த என்னைப் பிடித்துப் போட்டார். இந்த ரெஸ்டாரண்ட் முதலாளி கன்னடக்காரர். தமிழ் பேசுவார், கன்னடமும் கூடவே வரும்.

"ஆண்டனி, ஜனா பாடணும். பாடினா இன்னொரு ப்ளேட் கோபி மஞ்சூரியன் கேக்கறாங்க. பாடலேன்னா பில் கேக்கறாங்க. அஷ்டே."

அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த டிரெயினிங். நீங்கள் மூன்று நாள் ஒர்க்‌ஷாப் போய்ச் சர்டிபிகேட்டோடு கற்றுக்கொண்டு வருவதும் இதே இரண்டு வரியைத்தான்.

பெங்களூர் ஜனம் பாடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவரவர் டேபிளில் உட்கார்ந்து, தட்டில் ஸ்பூனால் தாளம் போட்டு, எதிரில் இருப்பவன் காது கிழியப் பாடும். மைக்கைக் காட்டினால் போதும், அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஜலதோஷம் பிடித்துவிடும். "திரோட் சரியில்ல பாஸ்." "கிளைமேட் சேஞ்ச்." "டாக்டர் பேசவே கூடாதுன்னிருக்கார்." இதை அந்த மனுஷன் மூச்சு விடாமல் கால் மணி நேரம் பேசுவான்.

ஆரம்பத்தில் நான் செய்த முட்டாள்தனம், டேபிள் டேபிளாகப் போய் மைக்கை வாய்க்கு நேரே நீட்டியது. நாலாம் நம்பர் டேபிளில் ஒரு பையன் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, விறைப்பாக, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். பாவம், கூச்சம் போல என்று அவனைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திப் பாட வைத்தேன். அங்கே நடந்துகொண்டிருந்தது பெண் பார்க்கிற சமாசாரம் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? இரண்டாவது சரணத்தில் பெண்ணின் அப்பா பில் கேட்டார். அந்தப் பையனுக்கு அப்புறம் கல்யாணம் ஆனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மைக்கோடு டேபிளுக்குப் போகாதீர்கள். வெறுங்கையோடு போங்கள்.

அடுத்த முட்டாள்தனம் இன்னும் பெரியது. கூட்டத்துக்கு நடுவில் நம் ஆள் ஒருவரை உட்கார வைத்து, அவரை முதலில் பாட வைத்தால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவிலிருந்து தெரசா என்ற டீச்சரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். பாடினார் பாருங்கள், ஏசப்பா! சமையல்கட்டிலிருந்து குக் வெளியே வந்து நின்றான். கைதட்டல் ஓய்ந்ததும் நான், "அடுத்து யாரு?" என்றேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் மெனு கார்டை எடுத்துப் படித்தார்கள், சாப்பிட்டு முடித்தவர்கள் உட்பட. அத்தனை நன்றாகப் பாடி முடித்த இடத்தில் போய் நிற்க யாருக்குப் பைத்தியம்? அன்று ஒரு சீட்டுகூட வரவில்லை. பாட விரும்புகிறவர்கள் பாட்டையும் பேரையும் எழுதிக் கொடுக்க டேபிளுக்கு டேபிள் சின்னச் சீட்டுகள் வைத்திருந்தேன். அதில் பல் குத்தியிருந்தார்கள்.

முதலாளி கூப்பிட்டார். "இன்னும் மூணு வியாழக்கிழமை பாக்கறேன். அப்புறம் மெஷினை எடுத்துட்டுப் பெரிய டிவி வெச்சு கிரிக்கெட் போட்டுடறேன். கிரிக்கெட்டுக்கு ஆண்டனி வேணாம் பாரு."

அடுத்த வாரம் வந்தார் செல்வராஜ். பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர், வீடு ஆடுகோடி. கூட வேலை செய்கிறவருக்குப் பிரமோஷன் கிடைத்த பார்ட்டிக்கு வந்தவர், யாரும் கேட்காமலே ஒரு சீட்டு எழுதிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். பழைய சோகக் காதல் பாட்டு. அந்த நாளில் இந்திக்கும் இங்கிலீஷுக்கும்தான் வரிகள் டிவியில் ஓடும். தமிழுக்கும் கன்னடத்துக்கும் நான் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த தாள்தான். அதை அவர் வாங்கவே இல்லை. கண்ணை மூடினார், ஆரம்பித்தார்.

எத்தனையோ மோசமான பாட்டைக் கேட்டவன் நான். இது வேறு ஜாதி. பல்லவியில் தாளத்துக்கு முன்னால் ஓடினார். சரணத்தில் தாளம் அவரைத் தேடிக்கொண்டு போனது. சுருதி அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டது. ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்ல மனம் வராது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மூலையில் இருந்த ஒரு பேங்க் ஆபீசர் பொறுக்க முடியாமல் டேபிளில் தட்டிச் சரியான தாளத்தைக் காட்டினார். காலேஜ் பெண்கள் நாலு பேர் சரியான ராகத்தை உரக்கப் பாடினார்கள், அதைக் கேட்டாவது இந்த மனுஷன் வழிக்கு வரட்டும் என்று. தமிழ் தெரியாதவர்கள்கூட "லா லா" என்று முட்டுக் கொடுத்தார்கள். கடைசிப் பல்லவிக்கு ரெஸ்டாரண்ட் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. நம் ஊர்க்காரனை "வா, சேர்ந்து பாடு" என்று கெஞ்சினால் வரமாட்டான். அவன் எதிரில் ஒருவன் தப்பாகப் பாடட்டும், திருத்தாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்று ஒன்பது சீட்டு வந்தது. இவரே பாடும்போது நமக்கென்ன என்று ஜலதோஷக்காரர்கள் எல்லாம் குணமாகி எழுந்து வந்தார்கள்.

நான் செல்வராஜின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, வாரா வாரம் நீங்கதான் முதல் பாட்டு. நீங்க பாடினாத்தான் மத்தவங்களுக்கு வாய் திறக்குது. உங்களுக்கும் அண்ணிக்கும் சாப்பாடு நம்ம செலவு."

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள். பொய் சொல்லாமலே ஒரு மனுஷனை ஏமாற்றுகிற வித்தை நம் தொழிலில் சீக்கிரம் கைவந்துவிடும்.

அவர் நம்பினார். புதுச் சட்டை எடுத்தார். ஆடுகோடியில் அவர் தெருவுக்கே தெரிந்தது, செல்வராஜ் டவுனில் பாடுகிறார் என்று. அவர் மனைவி தனம் அண்ணி ஒவ்வொரு வாரமும் மெஷினுக்கு அடுத்த டேபிளில் உட்கார்ந்து, அவர் பாடி முடிக்கும்வரை சாப்பாட்டைத் தொடமாட்டார். சீட்டுகள் குவிந்தன. முதலாளி கிரிக்கெட்டை மறந்தார். நானும் என்னை ஒரு பெரிய மேதாவி என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை சீக்கிரமே வந்து செல்வராஜ் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகமெல்லாம் வெட்கம்.

"ஆண்டனி, ஒரு விஷயம். ரெண்டு மாசமா ஒரு பாட்டு வாத்தியார்கிட்டப் போறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

நான் அவசரமாகத் தடுத்தேன். "எதுக்குண்ணே அதெல்லாம்? இப்பவே நல்லாத்தானே..."

"இல்லப்பா, நீங்க என்னை நம்பி முதல் பாட்டு குடுத்திருக்கீங்க. உங்க பேரைக் கெடுக்கக் கூடாதில்ல? பதினெட்டு வருஷமா ஷாப் ஃப்ளோர்ல மெஷின் சத்தத்துல நிக்கறேன். நான் சொல்றது எவனுக்கும் கேக்காது, கையாலதான் பேசணும். வீட்டுக்கு வந்தாலும் கத்திக் கத்திப் பேசறேன்னு பசங்க ஓடிடறாங்க. ஒரு நாளாவது நாலு பேர் சும்மா உக்காந்து நான் பாடறதைக் கேக்கணும். அவ்வளவுதான் ஆசை."

கேட்டபோது எனக்குப் பாவமாக இருந்தது உண்மை. ஆனால் அடுத்த நிமிஷமே நான் நினைத்தது, அடுத்த வாரம் வரப்போகிற கம்பெனி பார்ட்டியை.

அது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. ரெஸ்டாரண்ட் முழுவதையும் ஒரு சாயங்காலத்துக்கு எடுத்திருந்தார்கள். பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க அவர்கள் பார்ட்டி எல்லாம் நமக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவர்கள் ஹெச்.ஆர். மேடம் ஒரு அட்டையும் பேனாவுமாக வந்து என்னிடம், "எல்லா டேபிளும் பார்ட்டிசிபேட் பண்ணணும். நான் டிக் பண்ணுவேன். எல்லாரும் என்ஜாய் பண்றது கம்பல்சரி" என்றார். பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய மேனேஜர் பாடாமல் சின்ன மேனேஜர் பாடக் கூடாது, சின்ன மேனேஜர் பாடாமல் மற்றவர்கள் சிரிக்கவும் கூடாது.

செல்வராஜைக் கூப்பிட்டேன். மாதாவே, வாத்தியாரிடம் கற்றதை எல்லாம் மறந்து போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு ஜெபத்தை மாதா அதற்கு முன் கேட்டிருக்க மாட்டாள்.

அவர் நன்றாகப் பாடினார்.

தெரசா டீச்சர் மாதிரி இல்லை. ஆனால் தாளம் நின்றது, சுருதி நின்றது, ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். ஹாலில் சத்தமே இல்லை. ஸ்பூன் தட்டுகிறவனும் இல்லை, திருத்துகிறவனும் இல்லை. முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார்கள். "அடுத்து யாரு?" என்றேன். மெனு கார்டுகள் எழுந்தன. மேடத்தின் பேனா அட்டைமேல் அசையாமல் நின்றது. கல்லாவுக்குப் பின்னாலிருந்து முதலாளி என்னையே பார்த்தார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். நெருக்கடியில் நம் புத்தி போகிற போக்கு நமக்கே தெரியாது. நான் "ஒன்ஸ் மோர்!" என்று கத்தி, செல்வராஜை இன்னொரு பாட்டுக்கு நிறுத்தினேன். மனுஷன் பூரித்துப் போனார். கண்ணை மூடி ஆரம்பித்தார். சரணம் பாதியில் இருக்கும்போது மெஷினில் இருந்த கீ பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினேன். பாடகர் குரலுக்குத் தகுந்தபடி பின்னணி இசையின் சுருதியை ஏற்றி இறக்கத்தான் அந்தப் பட்டன். பாட்டு நடுவில் அதைத் தொடுவது, மாடி ஏறுகிறவன் காலுக்குக் கீழே படியை உருவுவதற்குச் சமம்.

அவர் குரல் தடுக்கியது. சமாளித்து எட்டிப் பிடித்தார். ரெண்டு மாதப் பயிற்சி, விடவில்லை. நான் இன்னொரு தடவை அமுக்கினேன். மூன்றாவது தடவையும் அமுக்கினேன். குரல் கிழிந்தது. முதல் தடவையாகப் பாட்டின் நடுவில் அவர் கண்ணைத் திறந்ததைப் பார்த்தேன்.

சின்ன மேனேஜர் சிரித்தார். பின்னால் யாரோ தாளம் தட்டினார்கள். அவ்வளவுதான், ஆளாளுக்குத் திருத்தக் கிளம்பிவிட்டார்கள். ஹால் முழுக்கக் கூத்து, சீட்டுமேல் சீட்டு, பெரிய மேனேஜரே மைக்கைப் பிடித்தார். மேடம் டிக் மேல் டிக் போட்டார். முதலாளி வந்து என் தோளில் தட்டினார்.

செல்வராஜ் மைக்கை என் கையில் வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க ஆண்டனி. இன்னும் பயிற்சி பத்தல போல" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

அவர் பின்னால் போன அண்ணி என் அருகில் நின்றார். "தம்பி, அந்தப் பட்டனை எதுக்கு மூணு தடவை அமுக்கினீங்க?"

"சவுண்டு சரி பண்ணேன் அண்ணி."

"ஓ" என்றார் அண்ணி. சாப்பிடாமலே போய்விட்டார்கள்.

அடுத்த வியாழன் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், மறுபடியும் கம்பல்சரியாக என்ஜாய் பண்ணினார்கள். எனக்குத்தான் அந்தப் பட்டன் பக்கம் கையே போகவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே ஆடுகோடிக்குப் போனேன்.

செல்வராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். "வாங்க ஆண்டனி, வரலேன்னு கோவமா? எனக்கு இதெல்லாம் வராதுப்பா. வாத்தியார்கிட்டயும் நிறுத்திட்டேன். வேற யாரையாவது பாத்துக்கங்க."

காபியோடு வந்த அண்ணி தம்ளரை என் கையில் கொடுக்காமல் நின்றார். "அவர்கிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல தம்பி. நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சொன்னேன். முதல் நாள் அவர் எப்படிப் பாடினார், ஏன் அவரைப் பிடித்தேன், அந்தப் பட்டன், எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில், "எழுந்திருங்க" என்றார்.

எழுந்தேன்.

"மெஷினைக் கெடுத்துட்டு ஆபரேட்டர் மேல பழி போடறவனை எங்க ஷாப்ல நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? எல்லார் எதிர்லயும் நிக்க வெச்சுக் கேப்பேன். நீ மனுஷனாய்யா? மூணு வாரமா நான் தூங்கல. என் தொண்டையில கோளாறுன்னு டாக்டர்கிட்டப் போனேன். அந்தாளு மாத்திரை எழுதிக் குடுத்தான், அதையும் முழுங்கினேன்!"

அவர் சொன்ன மாதிரியே கத்தித்தான் பேசுவார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டேன். திட்டி ஓய்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வேறு குரலில் கேட்டார்.

"அந்தப் பார்ட்டியில முதல் பாட்டு? அதுல கைய வெச்சியா?"

"இல்லண்ணே. மாதா சத்தியமா இல்ல."

"அப்ப ஏன் யாருமே கூடப் பாடல? சத்தமே இல்லையே?"

"கேட்டுட்டு இருந்தாங்கண்ணே."

அவர் உட்கார்ந்தார். என்னை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தார். "கேட்டாங்களா தனம்?"

"நான் அன்னைக்கே சொன்னேனே. நீங்கதான் காதுல வாங்கல" என்றார் அண்ணி. அப்புறம்தான் காபி என் கைக்கு வந்தது. ஆறிப் போயிருந்தது, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

செல்வராஜ் மறுபடி வரச் சம்மதித்தார். ஆனால் முதல் பாட்டு இல்லை, கடைசிப் பாட்டு. "அப்ப முதல்ல யாரு பாடறது?" என்று நான் தலையைச் சொறிந்தேன்.

"உங்க குரல் எப்படி தம்பி?" என்றார் அண்ணி.

"கேவலமா இருக்கும் அண்ணி."

"பின்ன என்ன, ஆளைக் கையிலயே வெச்சுக்கிட்டு வெளில தேடறீங்க?"

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. கூட்டத்தைக் கலகலப்பாக்க ஒருவன் கோமாளியாக வேண்டும் என்றால், சம்பளம் வாங்குகிறவன் ஆகட்டும். அந்த வியாழக்கிழமை நான் முதலில் பாடினேன். கழுதைக்குக் கோபம் வந்திருக்கும். இரண்டாவது வரிக்குள் ஹால் முழுக்க என்னைத் திருத்த எழுந்துவிட்டது. சீட்டுகளை வைக்க இடம் போதவில்லை.

ஒன்பதே காலுக்கு செல்வராஜ் எழுந்து வந்தார். அண்ணி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மெஷினுக்கும் எனக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். செல்வராஜ் கண்ணை மூடி ஆரம்பித்தார். அதுவரை ஆட்டம் போட்ட ஜனம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. காலேஜ் பெண்கள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார்கள். பேங்க் ஆபீசரின் விரல் டேபிள்மேல் சும்மா கிடந்தது.

முதலாளி வேகமாக என்னிடம் வந்தார். "ஏனப்பா ஆண்டனி, ஒருத்தரும் கூடப் பாடல, எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க? ஏதாவது பண்ணு!"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணி திரும்பி, உதட்டில் விரலை வைத்து அவரை "உஷ்" என்று அடக்கினார்.